கொல்லிமலை விதைகளும் அறிவு உரிமையும்

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றின் நாட்டு ரகங்களைத் தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்துக் காத்துவந்தவர்கள். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை எனப் பல ரகங்கள் உண்டு. விதையைத் தேர்ந்து பிரிப்பதும் சேமிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. மரவள்ளி பரவியபின் சிறுதானியப் பரப்பு சுருங்கியது, 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதை வங்கிகளை ஊக்குவித்தது.

இந்த விதைகளில் அடங்கிய அறிவு யாருக்கு உரியது? உழைத்தவருக்கே உழைப்பின் பயன் என்ற மெய்யியலாளர் ஜான் லாக்கின் வாதம், அறிவுசார் சொத்துரிமைக்கு வழக்கமாகக் காட்டப்படும் நியாயங்களுள் ஒன்று. அந்த அளவுகோலைத் தனி ஒருவருக்கு மட்டும் பொருத்துவது நேர்மையன்று. பகிர்ந்து விதைத்ததாலேயே இந்த ரகங்கள் பிழைத்தன, உழைப்பும் ஊருடையது.

1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ் பயிர் ரகங்களுக்குப் பாதுகாப்பு கோரியது. இந்தியா 2001இல் இயற்றிய பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் புதிய ரகங்களை உருவாக்கும் வளர்ப்பாளருக்கு உரிமை தந்ததோடு, விதையைச் சேமிக்க, பரிமாறிக்கொள்ள, விற்க உழவருக்குள்ள உரிமையையும் காத்தது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்ட விதையாக விற்பதற்கு மட்டுமே தடை. தம் ரகம் புதிய ரகத்துக்கு அடிப்படையானால் சமூகங்கள் பயனில் பங்கு கோரலாம். ஆனால் கோருபவரே அதை நிறுவ வேண்டியிருப்பது, வாய்மொழியாக அறிவைக் காத்தவர்கள்மேல் ஏற்றப்பட்ட பெருஞ்சுமை.