அட்டன் நகரும் கோ. நடேசய்யரும்: வணிகத்திலிருந்து தொழிற்சங்கம் வரை

மலையகத் தொழிலாளர் வரலாற்றை எழுதப் புகுவோர் தோட்டத்தைப் பற்றி நிறையவும், தோட்டங்களை அடுத்துள்ள சிறு நகரத்தைப் பற்றிக் குறையவும் எழுதுவதே வழக்கமாகிவிட்டது. லயமும் பெரட்டும் கொழுந்து மடுவமும் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் அம்மக்கள் தம் வாழ்நாளில் துரையின் அனுமதியின்றிக் கால்வைக்கக்கூடியதாக இருந்த ஒரே இடமாகிய கடைத்தெரு நம் கவனத்துக்கு வருவதில்லை. கோதண்டராம நடேசய்யர் (1887–1947) என்பவரின் வாழ்க்கையை இந்தக் கடைத்தெருவிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். அவரைப் பத்திரிகையாளர் என்றும், தொழிற்சங்கத் தந்தை என்றும் கூறுவர். இரண்டும் உண்மையே. எனினும் அவர் இலங்கைக்கு முதன்முதல் வந்தது வணிகரின் மனிதராகவே என்பது போதிய அழுத்தம் பெறவில்லை.

தஞ்சையைச் சேர்ந்த நடேசய்யர் அங்கு வணிகக் கல்வி போதித்தவர். அத்தகைய முயற்சிகள் பலருக்குக் கைகூடாத அக்காலத்திலேயே ‘வர்த்தகமித்திரன்’ என்னும் இதழை நடத்தியவர். வியாபாரம், கணக்கியல் தொடர்பான நூல்களைத் தமிழில் எழுதியவர். கணக்கெழுதுதலைத் தமிழிற் கற்பிக்கலாம், கற்பிக்கவேண்டும் என்று அக்காலத்தில் எண்ணியவர் மிகச் சிலரே. 1915 இல் கொழும்பு வாழ் இந்திய வர்த்தகர் சங்கமொன்றின் விழாவுக்காகவே அவர் இலங்கை வந்தார். வந்த இடத்தில் தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். அந்நியர் எவரும் தோட்டத்தினுள் நுழைய இயலாத நிலையில், புடவை வியாபாரிக்கு மட்டும் லயத்து வாசல்வரை செல்ல வழி இருந்தமையால், துணிமூட்டையைத் தோளிலேற்றிப் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இந்நிகழ்ச்சியை ஒரு சாகசக் கதையாகச் சொல்லிச் செல்வதே பெரும்பாலோர் வழக்கம். எனக்கோ இதில் வேறொன்று தென்படுகின்றது. தோட்டத்தின் இரும்புக் கதவு வணிகத்துக்கு மட்டும் சிறிது திறந்திருந்தது என்பதும், அத்திறப்பைக் கண்டுகொள்ள ஒரு வணிக ஆசிரியரால் இயன்றது என்பதுமே அது.

உள்ளே அவர் கண்டது யாது? வறுமை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் கணக்கறிந்த ஒருவரின் கண்ணுக்கு அங்கிருந்தது வறுமை மட்டுமன்று. வஞ்சகமாக எழுதப்பட்ட ஒரு பேரேடுமாகும். தொழிலாளி ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு அவன் பெயரிற் கடனாக ஏறியது. பெரிய கங்காணி அவனுக்கு முற்பணம் கொடுத்தான். அம்முற்பணத்துக்குத் தோட்டத்திடமும் செட்டிமாரிடமும் கங்காணி கடன்பட்டான். தொழிலாளி வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அரிசி கூலியில் கழிக்கப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின், முழுக் கடனையும் புதிய தோட்டம் ஏற்றுக்கொள்ளும் ‘துண்டு’ வேண்டும். மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் ஏற்பாடு இது. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் கடன் சட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை. தன் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கின்றது என்பதை அறிய எழுத்தறிவற்ற தொழிலாளிக்கு வழியே இருக்கவில்லை. கங்காணியின் சொல்லே கணக்கு.

1920 அளவில் கொழும்பில் நிலைகொண்ட நடேசய்யர் ‘தேசநேசன்’, பின்னர் 1924 முதல் ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளின் வாயிலாக எழுதலானார். ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில் உப தலைவராகவும் பணியாற்றினார். 1925 இல் இந்தியருக்குரிய தொகுதியிலிருந்து சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். இருபதுகளின் இறுதியில் இந்தியத் தொழிலாளர்க்கெதிரான உணர்ச்சி கொழும்புத் தொழிலாளர் இயக்கத்தினுள் வலுப்பெற்றபோது குணசிங்கவோடு அவர் கொண்ட உறவு முறிந்தது. இக்காலப் பகுதியைக் குமாரி ஜயவர்த்தன முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளமையால் இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நம் பொருளுக்கு முக்கியமானது அடுத்த நகர்வாகும். 1931 சனவரியில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோன்றியது. பெருந்தோட்டத் தொழிலாளர்க்கென அமைந்த முதலாவது தொழிற்சங்கம் அதுவே. அதன் நிலைக்களன் அட்டன். தலைநகரை விட்டு இச்சிறு நகரை அவர் தெரிந்தெடுத்தது ஏன்?

அட்டன் தோட்டங்களால் உண்டாக்கப்பட்ட ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் நானுஓயாவை நோக்கி நீண்ட மலைநாட்டுப் புகையிரதப் பாதை இவ்வூரை டிக்கோயா, மஸ்கெலியாத் தோட்டங்களின் வாயிலாக்கியது. தேயிலைப் பெட்டி இறங்கவும் அரிசி மூட்டை ஏறவும் அமைந்த நிலையம், அதைச் சுற்றிச் செட்டிமாரும் முஸ்லிம் வணிகரும் பிறரும் அமைத்த கடைகள், நீதிமன்றம், தபாற்கந்தோர் — இவ்வளவே நகரம். ஆயினும் அதன் தெரு அரசாங்கத் தெரு. தோட்டத்துப் பாதையில் நின்று பேசுபவர்மீது அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சாட்டலாம். அட்டன் கடைத்தெருவில் நின்று பேசுபவர்மீது அக்குற்றம் சாட்ட இயலாது. சம்பளத்துக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமையில் உப்பும் புகையிலையும் வாங்க மலையிறங்கி வரும் தொழிலாளி, வாங்கி முடித்த பின் சற்று நின்று கேட்கலாம். நடேசய்யர் நம்பியிருந்தது இந்தச் சிறு அவகாசத்தையே எனலாம்.

அங்குதான் மீனாட்சி அம்மையாரின் பங்கு விளங்குகின்றது. எழுத்தறியாதாரிடம் பத்திரிகை செல்லாது, பாட்டுச் செல்லும். தொழிலாளரின் துயரையும் உரிமையையும் அவர்களறிந்த மெட்டுகளில் பாடல்களாக்கி, மேடையில் நின்று அம்மையார் பாடினார். அவை சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. பெண்ணொருத்தி பொதுமேடையேறுவது அரிதாயிருந்த காலம் அது. தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள் என்பதை நினைத்தால் இதன் பெறுமதி தெரியவரும். நடேசய்யர் தாமும் ‘அந்தரப் பிழைப்பு’ பற்றிய நாடகமொன்றை 1937 இல் வெளியிட்டார். தொழிலாளர்க்குரிய சட்டங்களை விளக்கும் நூலொன்றையும் எழுதினார். தஞ்சையில் மாணவர்க்குக் கணக்கெழுதக் கற்பித்தவர், அட்டனில் தொழிலாளர்க்குத் தம் கணக்கைக் கேட்கக் கற்பித்தார் என்றே எனக்குத் தோன்றுகின்றது. இரண்டுக்கும் இடையில் ஒரு முறிவு இருந்ததாக நான் கருதவில்லை.

கேட்பதற்கு அப்போது ஒரு தொகையும் இருந்தது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் ஆகக்குறைந்த கூலிக்கு வழிசெய்தது. 1929 இல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என நிர்ணயிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ, இக்கூலியும் குறைக்கப்பட்டது. சட்டப்படியான கூலியைத் தானும் தோட்டம் ஒழுங்காகக் கொடுக்கின்றதா என்பதே சங்கத்தின் அன்றாட வேலையாயிற்று. பெரும் வேலைநிறுத்தங்களை இங்குத் தேடுவோர் ஏமாற்றமடைவர். முறைப்பாடு எழுதுதல், பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொடுத்தல், வழக்குக்குத் துணைநிற்றல் ஆகியன வரலாற்று நூல்களில் இடம்பெறத் தகாதனவாய்த் தோன்றலாம். லயத்திலிருந்து நோக்கினால் அவையே அரசியல்.

சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931 இல் நடைபெற்ற முதலாவது தேர்தலில் அட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் தெரிவாகித் தொழில் அமைச்சரானார். 1936 இல் அத்தொகுதி நடேசய்யருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே கிராமச் சபைச் சட்டத் திருத்தம் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரைக் கிராம வாக்குரிமையிலிருந்து விலக்கியது. பின்னால் வரவிருந்த பெரும் இழப்பின் முன்னறிகுறியாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் அன்று பலர் அதனைச் சிறு விடயமென்றே கொண்டனர்.

நடேசய்யரின் குறையையும் கூறவேண்டும். அவருடைய இயக்கம் அவரையே சுற்றி நின்றது. பத்திரிகை, மேடை, சபை மூன்றையும் ஒருவரே சுமந்தமையால், தோட்டந்தோறும் நின்று நடத்தும் கிளைத் தலைவர்கள் போதியளவு உருவாகவில்லை. 1939 சூலையில் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் பின்னால் நகரத்து வணிகரின் பணமும், கங்காணி மரபில் வந்த வசதியுள்ள குடும்பத்தினரின் செல்வாக்கும், இந்திய தேசிய இயக்கத்தின் ஒளியும் சேர்ந்திருந்தன. வணிகரின் அழைப்பில் வந்த நடேசய்யரிடம் இறுதியில் வணிகர் இருக்கவில்லை. 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டில் இறந்த காலத்தில், போராட்டத்தின் தலைமை சமசமாசிகளிடமும் காங்கிரஸ் தொழிற்சங்கத்திடமும் சென்றுகொண்டிருந்தது. இதை நன்றிகேடு என்று சிலர் எழுதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. கடைத்தெருவில் நின்று கேட்ட தொழிலாளி, தோட்டத்தினுள்ளேயே தனக்கொரு சங்கம் கிடைத்தபோது அதிற் சேர்ந்தான். அவனைக் கேட்கப் பழக்கியவர் வெளியே நின்றார்.

1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா ஆகிய தொகுதிகளும் அவற்றுள் அடங்கும். நடேசய்யர் தோல்வியுற்றார், அவ்வாண்டு நவம்பரிலேயே காலமானார். நாற்பதாண்டுகளுக்குப் பின் 1988 இல் சாரல் நாடன் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற நூலை வெளியிடும்வரை அவர் பெயர் மலையகத்திலேயே பலருக்குத் தெரியாதிருந்தது.

அவர் இறந்து ஓராண்டு முடிவதற்குள் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் குடியுரிமையோடு பிணைக்கப்பட்டது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களுள் ஒன்றுகூடக் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. வாக்காளர் இடாப்பில் தோட்டத்தவர் பெயர்கள் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டனுக்கு அவர்கள் வழக்கம்போல் இறங்கி வந்துகொண்டுதான் இருந்தனர்.