வால்டர் தேவாரம்

வால்டர் ஐசக் தேவாரம் தமிழ்நாடு காவல்துறையில் டி.ஜி.பி. ஆக இருந்து ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி. சந்தனக் கடத்தல் வீரப்பனைத் தேடிய சிறப்பு அதிரடிப்படைக்குத் தலைமை தாங்கியவர். இவரது பூர்விகம் தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்திலுள்ள தேவாரம். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், ஏலக்காய் மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது.  

இராணுவத்தின் வேலையை ஒரு மாநிலக் காவல்துறை தன் கையில் எடுத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. தேவாரத்தின் பெயர் பெரும்பாலும் அந்தக் காலத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. தொடக்கம் வட ஆர்க்காடு. 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூர் அருகே, பிடிபட்ட நக்சலைட் ஒருவர் வெடிகுண்டு வீசியதில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் உடன்சென்ற காவலர்களும் இறந்தனர். எம்.ஜி.ஆர். அரசு முடுக்கிவிட்ட வேட்டைக்குப் பழனிச்சாமியின் சின்ன மகள் அஜந்தாவின் பெயரே வைக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் அப்போது வேலூர் சரக டி.ஐ.ஜி. ஆக இருந்த தேவாரம். வட ஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சல்பாரி இயக்கம் ஒடுங்கியது. அதே வேட்டையில்தான் 'என்கவுன்டர்' என்ற சொல் தமிழ்நாட்டில் தினச்செய்தி ஆனது. மனித உரிமை அமைப்புகள் அந்தச் சாவுகளை அப்போதே கேள்வி கேட்டன.

பின்னர் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும் இருந்தார். 1993இல் சத்யராஜ் நடித்து வெளிவந்த 'வால்டர் வெற்றிவேல்' படத்தின் தலைப்பைப் பார்த்தவர்களுக்கு யார் நினைவு வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று மேட்டூருக்கு அப்பால், பாலாறு அருகே மலைச்சாலையில் வீரப்பன் கும்பல் புதைத்திருந்த கண்ணிவெடிகள் வெடித்தன. காவலர்கள், வனத்துறையினர், துப்புச் சொன்னவர்கள் என 22 பேர் மாண்டனர். 'ராம்போ' கோபாலகிருஷ்ணன் என்ற எஸ்.பி. படுகாயத்தோடு தப்பினார். இதன்பின் தமிழக, கர்நாடகக் கூட்டு அதிரடிப்படைக்குத் தேவாரம் தலைவர், கர்நாடகத்தின் சங்கர் பிதாரி துணைத் தலைவர் என்று ஏற்பாடானது. எல்லைப் பாதுகாப்புப் படையும் வரவழைக்கப்பட்டது. ஆளைத் துரத்துவதைவிட, அவனுக்கு அரிசியும் செய்தியும் போகிற வழியை அடைப்பதே திட்டம். நூற்றுக்கு மேல் இருந்த கும்பல் சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. வீரப்பன் மட்டும் சிக்கவில்லை.

வழியை அடைத்தபோது நசுங்கியவர்கள் மலையோரக் கிராமத்து மக்கள். மாதேஸ்வரன் மலை முகாமில் 'ஒர்க் ஷாப்' என்று அழைக்கப்பட்ட இடத்தில் மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்ததாகப் பலர் சாட்சி சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கையின் பேரில், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க 2007இல் ஆணையம் உத்தரவிட்டது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களில் பெரும்பாலோரை 2001இல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கும்பல் ஒடுங்கியதைத் தேவாரத்தின் கணக்கில் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே எழுதவேண்டும்.

ஓய்வுபெற்றிருந்த அவரை 2001இல் ஜெயலலிதா மீண்டும் அழைத்து அதிரடிப்படையை ஒப்படைத்தார். இம்முறையும் வீரப்பன் அகப்படவில்லை. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே, ஆம்புலன்ஸ் என்று நம்பி ஏறிய வண்டியில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபோது படைத்தலைவர் கே. விஜயகுமார். காவல்துறைக்கு வெளியே, தேவாரம் தமிழ்நாடு தடகளச் சங்கத்தின் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார்.