ஒரு தம்ளர் நன்னாரி சர்பத்



போன வாரம் நம் வீட்டு நன்னாரி சர்பத் படத்தைப் போட்டதும் செய்முறை கேட்டுப் பதினைந்து பேருக்கு மேல் எழுதிவிட்டீர்கள். "டீச்சர், கடை பாட்டில்தானே?" என்று கேட்ட குறும்புக்காரர் யார் என்றும் எனக்குத் தெரியும். செய்முறை கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு. டீச்சர் பழக்கம், விடாது.

உப்பளம் என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. தெற்கே உப்பனாறு, கிழக்கே கடல். இப்படிப்பட்ட இடத்தில் கிணறு வெட்டினால் என்ன தண்ணீர் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தது மூன்றாம் நெப்போலியன் காலத்தில்தான். பாரதி பூங்காவில் வெள்ளையாக நிற்கிறதே ஆயி மண்டபம், அது அதன் நினைவாகக் கட்டியது. ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய கதையை ஐந்தாம் வகுப்பில் என்னிடம் கேட்டிருப்பீர்கள். கதை கதையாக இருக்கட்டும். ஓர் ஊர் தன் நடுவில் ராஜாவுக்கோ தளபதிக்கோ இல்லாமல் தண்ணீருக்கு மண்டபம் வைத்திருக்கிறது என்றால், தண்ணீர் இங்கே எவ்வளவு அருமையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அருமையான தண்ணீரில் வெல்லம் கரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தால் பானகம். ராமநவமிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் பானகம், நீர்மோர். கோடையில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல். இதையெல்லாம் எழுதித் "தமிழர் விருந்தோம்பல்" என்று தலைப்புப் போட்டு முடிப்பது சுலபம். எத்தனையோ ஆண்டு மலர்களில் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள். ஆனால் யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. சிலருக்குத் தம்ளரில் கொடுத்தார்கள். சிலருக்குத் தனிக் குவளை. சிலர் குனிந்து இரண்டு கையையும் குவித்து நிற்க, உயரத்திலிருந்து ஊற்றினார்கள். பானகம் ஒன்றுதான், பாத்திரம் மட்டும் வேறு.

இந்த வழக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சமைத்ததும் தண்ணீரும் தீட்டை ஏற்கும், பச்சையாக இருப்பதும் முழுதாக இருப்பதும் ஏற்காது என்பார்கள். அதனால்தான் வெற்றிலை பாக்கை யாரும் யாருக்கும் நீட்டலாம். இளநீர் கொடுக்கலாம், அதற்கு உடம்பே பாத்திரம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பெரிய மனிதர்கள் சந்திக்கிற இடமெல்லாம் வெற்றிலை பாக்கும் பன்னீரும் வருகின்றன. மரியாதை முழுதாகச் செய்தாகிவிடும், ஒருவர் வீட்டுத் தண்ணீர் இன்னொருவர் வாயில் படவும் படாது.

அதே நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. நம் சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறைச்சேரிக் கிறிஸ்தவர்களையும் பிரிக்கத் தடுப்புச் சுவர் இருந்தது. சேரி மக்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் முறையிட்டார்கள், சுவர் இடிபட்டது. மற்றவர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு 1881-இல், விரும்பியவர்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஓர் ஆணை வந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை முதலில் கையெழுத்திட்டார். ஒடுக்கப்பட்ட மக்கள் பலரும் அந்த வழியில் போய்ப் புதுக் குடும்பப் பெயர் பெற்றார்கள். உங்களில் சிலருடைய பெயரின் வால் அங்கிருந்து வந்ததுதான். பெயர் மாறிய அளவுக்கு வீட்டுத் திண்ணையில் தம்ளர் மாறவில்லை.

கோலி சோடா இங்கேதான் உள்ளே வருகிறது.

1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் ஒரு பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். கழுத்தை நெரித்துவிட்ட மாதிரி ஒரு பாட்டில், உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து வாயு ஏற்றினால் கோலி வாய்ப்பக்கம் வந்து விழும். உள்ளிருக்கும் அழுத்தம் அதை வளையத்தோடு இறுக்கிக்கொள்ளும். தக்கை வேண்டாம், மூடி வேண்டாம். இங்கிலாந்து அதை மறந்து நூறாண்டு ஆகிறது, நம் ஊர் பெட்டிக்கடைகள் மறக்கவில்லை. விரலால் அழுத்தும்போது வருகிற அந்த "டொப்" சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் கோலி சோடா இவ்வளவு பரவியதற்குச் சுவை மட்டும் காரணம் இல்லை. அது இளநீரின் தம்பி. கடையில் அடைத்தது, வீட்டில் யாரும் தொடாதது. யார் வீட்டில் யார் கொடுத்தாலும் குடித்துவிடலாம், யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1986-இல் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவது என் வேலை. சித்திரை வெயில். ஒரு வீட்டில் அந்த அம்மா என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், பையனைக் கூப்பிட்டு முந்தானையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார், "டீச்சருக்கு ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். வாசலருகே மண்பானை, மேலே கவிழ்த்த தம்ளர், பளபளவென்று தேய்த்து வைத்திருந்தது. அன்றைக்கு அவருக்குக் கூலி கிடைத்ததோ இல்லையோ. "சோடா எனக்கு ஏப்பம் வரும், பானைத் தண்ணியே குடுங்கம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், பிறகு இன்னொரு முறை தம்ளரைக் கழுவினார். நான் குடித்து முடிக்கும் வரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பையன் மறுநாள் பள்ளிக்கு வந்துவிட்டான். இப்போது வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான், இதையும் படிப்பான்.

1927 மார்ச் 20 அன்று மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வரும். நம் உப்பளத்துச் சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். சாலையில் தினமும் போகிறவர்கள் எத்தனை பேர் அந்தக் குளத்தை நினைக்கிறார்கள்?

சரி, சர்பத்துக்கு வருகிறேன். அரபு மொழியில் "ஷரிப" என்றால் குடித்தான் என்று பொருள். அதிலிருந்து பாரசீகம் வழியாக நமக்குச் சர்பத். அதே வேரிலிருந்து பிரெஞ்சில் "சிரோ". ஆக, முல்லா வீதியில் நோன்பு திறக்கும்போது சப்ஜா விதை மிதக்கக் கொடுக்கிற சர்பத்தும், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகள் தண்ணீரில் கலந்து கேட்கிற சிவப்புச் சிரோவும் ஒரு தாய்க்குப் பிறந்தவை. நன்னாரி மட்டும் நம் மண்ணின் வேர். அதன் மணத்துக்குக் காரணமான பொருளும் வெனிலா மணத்துக்குக் காரணமான வெனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை, அடுக்கில்தான் வேறுபாடு. இதை வேதியியல் படித்த என் மாணவி ஒருத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலையோ கோலாவையோ நீட்டுகிறார்கள். சுகாதாரம் என்கிறார்கள், இருக்கலாம். எனக்கு ஏனோ பழைய சோடா ஞாபகம் வருகிறது. வந்தவருக்காகக் கையால் கலக்கிக் கொடுத்து, அவர் அதை நம் தம்ளரில் குடிப்பது இந்த ஊரில் லேசாகக் கிடைத்த வழக்கம் இல்லை பிள்ளைகளே.

இனி செய்முறை. நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் நன்னாரி வேர் வாங்குங்கள். மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, அம்மியிலோ உரலிலோ தட்டுங்கள். நடுவில் வெள்ளையாகக் குச்சி இருக்கும், அதில் மணம் இல்லை, எடுத்துப் போட்டுவிடுங்கள். தோலை மட்டும் ஒரு லிட்டர் கொதித்த நீரில் போட்டு, மூடி, இரவு முழுக்க விடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், மணம் ஆவியோடு போய்விடும். காலையில் துணியில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, கையில் பிசுக்கென்று ஒட்டும் பதம் வரை சிறு தீயில் காய்ச்சுங்கள். இறக்கும்போது அரை எலுமிச்சை பிழிந்தால் சர்க்கரை உறையாது. நிறம் வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும். கடையில் கறுப்பாக இருப்பது சேர்த்த நிறம்.

ஒரு தம்ளர் பானைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை, சிட்டிகை உப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் (என் தம்பி, உன்னைத்தான்) வடிகட்டிய நன்னாரித் தண்ணீரிலேயே எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடியுங்கள், பாகு வேண்டாம். ஐஸ் போட்டால் நன்னாரி மணம் அமுங்கிவிடும், பானைக் குளிர்ச்சி போதும்.