வீட்டு முகப்பு உயிர்வேலி

தெருவில் போவோரின் பார்வை வீட்டுக்குள் விழாதபடி, மனையின் முன்னெல்லையில் செடிகளை நெருக்கமாக நட்டு வளர்க்கும் அரண் முகப்பு உயிர்வேலி. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளுக்கு, செலவு குறைந்ததும் நிழல் தருவதுமான இம்முறை மதிற்சுவரைவிட ஏற்றது.

மனை அமைப்பு: பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக அமைந்து, திண்ணை தெருவை ஒட்டியே இருக்கும், அங்கே வேலிக்கு இடமில்லை. தனி மனைகளில் முன்பக்கம் தோட்டம் அமையும். அங்கும் கோலமிடும் வாசல் திறந்திருக்க வேண்டும். எனவே முகப்பு முழுவதையும் அடைக்காமல், புழங்கும் இடங்களை மட்டும் மறைப்பதே நல்ல அமைப்பு.

உயரமும் இடமும்: நிற்பவரின் கண்மட்டம் ஏறத்தாழ 5 அடி; ஆகவே 6 அடி வேலி போதும். மறைக்க வேண்டிய சன்னலுக்கோ திண்ணைக்கோ அருகில் நட்டால் அதனினும் தாழ்ந்த செடியே போதுமானது. வாயிலும் வீட்டுக் கதவும் நேர்க்கோட்டில் இருந்தால், நடைபாதையைச் சற்று வளைத்து இடையில் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வைக்கலாம். தெருமுனையில் வண்டிகள் தெரியும்படி வேலியைத் தாழ்வாக வெட்ட வேண்டும்.

செடிகள்: கிளுவை போத்து நட்டாலே துளிர்க்கும், முள்ளும் உண்டு. ஆனால் வறண்ட காலத்தில் இலை உதிர்ப்பதால் கோடையில் மறைப்பு குறையும். நொச்சியும் ஆடாதொடையும் அக்குறையை ஈடுசெய்யும். ஆடுகளும் இவற்றைப் பெரும்பாலும் மேய்வதில்லை. மருதாணி வறட்சி தாங்கும், வெட்ட வெட்ட அடர்ந்து தழைக்கும். அரளியும் காட்டாமணக்கும் நச்சுடையவை. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் தவிர்க்க வேண்டும்.

நடவும் பராமரிப்பும்: வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், மழை தொடங்கும்போது நடுவது நல்லது. ஏரிப் பாசனப் பகுதியின் களிமண்ணில் நீர் தேங்காதபடி வரப்புபோல் மேடாக்கி நட வேண்டும். ஓரடி இடைவெளியில் இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்று மாறி நட்டால் இடைவெளி தெரியாது. அடி அகலமாகவும் நுனி குறுகலாகவும் வெட்டினால் கீழ் இலைகளுக்கும் வெயில் கிடைத்து, அடிப்பகுதி வெறுமையாகாது. பாம்பு அண்டாதிருக்கச் சருகை அவ்வப்போது கூட்டி அள்ள வேண்டும். செடி வளரும் வரை மூங்கில் தட்டியோ பனையோலைப் படலோ மறைப்பாக உதவும்.

ஒப்பீடு: யாழ்ப்பாணத்தில் கிளுவை, பூவரசு முதலியவற்றை உயிருள்ள கதியால்களாக (வேலிக்கால்களாக) நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகை அவற்றில் கட்டி வளவு (மனை) முழுவதையும் அடைப்பது மரபு. அங்கே மறைப்பின் பெரும்பங்கு கிடுகினுடையது. அதை அவ்வப்போது மாற்றிக் கட்ட வேண்டும். முகப்பு உயிர்வேலியில் இலையே மறைப்பாவதால், ஆண்டுதோறும் வெட்டிவிடுவதே முதன்மையான பணி.