இல்லாத இயந்திரத்தின் சொந்தக்காரர்கள்

'மேகம்' என்ற சொல் கணினித் தொழிலின் சொல்லாடலுக்குள் ஒன்றும் அறியாததுபோல நுழைந்துவிட்டது. மேகத்துக்கு முகவரி கிடையாது, வேலி கிடையாது. ஆனால் மேகம் என்று விற்கப்படுவதெல்லாம் எங்கோ ஒரு கட்டடத்துக்குள் மின்சாரத்தைக் குடித்துச் சூடேறிக் கிடக்கும் இரும்புதான். அந்தக் கட்டடத்துக்கு வேலியும் உண்டு, முதலாளியும் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டி, அதற்கு வாடகையும் வசூலிக்கிற வித்தையைப் பற்றி இலக்கியக்காரன் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஒரே இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் இருப்பதாகப் பாவனை செய்யும் இந்த வித்தை பழசு. ஐ.பி.எம். 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் செய்து பார்த்து, 1972இல் வி.எம்./370 என்று வெளியிட்டது. சிறு கணினிகள் மலிந்து ஆளுக்கொன்று என்றானபின் அது மங்கிப்போனது. 1997இல் ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்ப்ளூமும் மாணவர்களும் 'டிஸ்கோ' என்ற ஆய்வில் அதைத் தோண்டி எடுத்தார்கள். அடுத்த வருஷமே, 1998இல், அவரும் டயான் கிரீனும் உள்ளிட்ட ஐந்து பேர் விஎம்வேர் கம்பெனியை ஆரம்பித்தார்கள்.

இன்டெல் சில்லு இந்தப் பாவனைக்கு இடம்கொடுக்கும்படி கட்டப்பட்டதல்ல. அதிகாரம் பறிக்கப்பட்ட நிலையில் ஓடவிட்டால் சில கட்டளைகள் முறையிடாமலேயே பிசகிவிடும். அவற்றை ஓடும்போதே பிடித்து வேறாக மொழிபெயர்த்துவிடுவதுதான் இவர்கள் கண்ட வழி. ஆமாம், மொழிபெயர்ப்புதான். உள்ளே கிடக்கும் இயங்குதளம் முழு இயந்திரமும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும். (அல்தூஸரை நினைத்துக்கொள்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம், நான் இழுக்கப்போவதில்லை.)

பத்து சர்வர்கள் பாதி நாள் சும்மா கிடக்கிற இடத்தில் இரண்டு போதும் என்றால் எந்த நிர்வாகம் வேண்டாம் என்கும்? வியாபாரம் பெருகியது. 2004இல் ஈ.எம்.சி. 63.5 கோடி டாலருக்கு விஎம்வேரை வாங்கியது. ஆனால் 2006இல் அமேசான் அதே வித்தையை மணிக்கணக்கு வாடகைக்கு விட்டது. அதுவும் விஎம்வேரின் மென்பொருளை வைத்து அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த, யாரும் எடுத்து ஓட்டக்கூடிய 'ஜென்' என்ற கட்டற்ற மென்பொருளை வைத்து.

2008இல் கிரீன் வெளியேற்றப்பட்டார்; மைக்ரோசாஃப்டிலிருந்த பால் மாரிட்ஸ் வந்தார். 2009இல் தங்கள் சரக்குக்கு 'மேக இயங்குதளம்' என்று பெயர் சூட்டினார்கள். 2011இல் மெய்நிகர் இயந்திரங்களுக்கு ஒதுக்கும் நினைவகத்துக்கும் கணக்குப் பார்த்துக் காசு கேட்டார்கள். கற்பனைக்கு வரி! வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், அடுத்த வருஷமே வாபஸ். 2013இல் புத்தகம் விற்கிற கம்பெனியை நம்மால் ஜெயிக்க முடியாதா என்று விஎம்வேர் அதிகாரி ஒருவர் கூட்டாளிகள் நடுவே மேடையில் கேட்டார். புத்தகம் விற்பவர்கள் மேல் அப்படி ஒரு இளக்காரம்! அந்த வருஷமே சொந்த மேகச் சேவையும் தொடங்கியது. 2014இல் அதற்கு 'விகிளவுட் ஏர்' என்று பெயர் மாறியது.

முரண் இங்கேதான். விஎம்வேரின் மென்பொருளை வாங்கி மேகம் நடத்திவந்த சிறு கம்பெனிகள் ஏராளம். அவர்களுக்கு விதைநெல் விற்றவரே இப்போது பக்கத்து வயலில் இறங்கினார். அமேசானைப்போல் கட்டடங்களில் பணத்தைக் கொட்டவும் அவரால் ஆகவில்லை. 2016இல் அமேசானோடு ஒப்பந்தம். 2017இல் விகிளவுட் ஏரை பிரான்சின் ஓ.வி.ஹெச்.சுக்கு விற்றுவிட்டு, அமேசானின் கட்டடத்துக்குள்ளேயே கடை திறந்தார்கள். நிலம் அவனுடையது, இவர் உள்குத்தகைக்காரர்.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை விழுங்கியது; 2022இல் அறிவித்த விலை 6,100 கோடி டாலர். டிசம்பரிலேயே சாசுவத உரிமங்களின் விற்பனை நின்றது. இனிச் சந்தா மட்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது. பட்டா கையில், தண்ணீர் மடை அடுத்தவன் கையில். 2024இல் ஏ.டி.&டி. வழக்குப் போட்டது, பிறகு சமரசமானது. வழக்காட அவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும். ஒரு கல்லூரியோ ஆஸ்பத்திரியோ என்ன செய்யும்?

இதற்குக் கட்டற்ற மென்பொருளே மாற்று என்று தோழர்கள் சட்டென்று சொல்வார்கள். பலர் அந்தப் பக்கம் போய்க்கொண்டும் இருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அமேசானின் வாடகை ராஜ்ஜியம் எழும்பியது எதன்மேல்? ஜென் மேல். 2017 வாக்கில் அதை ஓரங்கட்டிவிட்டு 'நைட்ரோ' என்று தங்களுடையதைக் கொண்டுவந்தார்கள். அதன் அடியில் கிடப்பதும் லினக்ஸின் கே.வி.எம். என்கிற கட்டற்ற மென்பொருள்தான்.