ஐந்து சென்டிமீட்டர் சிப்பாய்

பொம்மை டாங்கியின் அளவை முடிவு செய்தது பேட்டரிதான். ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மர வியாபாரத்தோடு தொடங்கிய தமியா நிறுவனம், 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியைப் பிளாஸ்டிக்கில் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் வயிற்றுக்குள் அடங்க வேண்டும். அடங்கும்படி செய்துவிட்டு அளந்து பார்த்தால், அசலில் ஏறத்தாழ 35-இல் ஒரு பங்கு வந்தது. அந்த அளவுதான் பிறகு உலகமெங்கும் நிலைத்தது.

டாங்கி இருந்தால் ஆளும் வேண்டுமே! 1968-இல் தொடங்கிய தமியாவின் ராணுவச் சிற்றுரு வரிசையில் 1-ஆம் எண்ணைப் பெற்றது ஜெர்மன் டாங்கி வீரர்களின் பெட்டி. 175 செ.மீ. உயரமுள்ள சிப்பாய் இந்த அளவில் சரியாக 5 செ.மீ. நிற்பான்.

பொம்மைச் சிப்பாய் புதிதல்ல; ஆனால் லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் வார்த்த உட்குழிவான ஈயச் சிப்பாய்கள் வண்ணம் பூசி முழுதாகவே கடைக்கு வந்தன. பிளாஸ்டிக் சிப்பாயோ கை, கால், தலை, துப்பாக்கி என்று தனித்தனியாக, சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்தான். வாங்கியவர்தான் அவனை உருவாக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். எஃகு அச்சு இரண்டாகப் பிளந்து திறக்கும். பொருள் அதிலிருந்து மாட்டிக்கொள்ளாமல் வெளிவர வேண்டும். ஆகவே ஆழமான மடிப்பும், வாருக்கு அடியில் இருக்கவேண்டிய இடைவெளியும் வார்ப்பில் வராது. பெல்ட் சட்டையோடு ஒட்டிப்போகும். பக்கவாட்டில் பொத்தானும் பையும் மழுங்கும். அந்தக் குறையிலிருந்துதான் இந்தக் கலை வளர்ந்தது.

ஆர்வலர்கள் பொம்மையை அறுக்கத் தொடங்கினார்கள். முழங்கையிலும் இடுப்பிலும் மெல்லிய ரம்பத்தால் வெட்டி, கம்பி செருகி, வேண்டிய நிலைக்கு வளைத்தார்கள். இடைவெளியை இரண்டு களிம்பைப் பிசைந்து செய்யும் எபாக்ஸி பட்டியால் நிரப்பி, இறுகுவதற்குள் ஊசிமுனையால் துணி மடிப்பைக் கீறினார்கள். மெல்லிய ஈயத் தகட்டை நறுக்கினால் துப்பாக்கி வார். மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி இழுத்தால் தலைமுடி போன்ற இழை; அதுவே வானொலி ஆன்டெனா. இவ்வளவு எளிய பொருள்களில் இவ்வளவு நுட்பமா என்று இன்றும் வியக்க வைக்கும் வேலை இது.

இதைப் பொதுச் சொத்தாக்கியவர்களில் அமெரிக்கரான ஷெப் பெய்னுக்குத் தனி இடம் உண்டு. 1970-களில் மோனோகிராம் நிறுவனத்தின் கிட் பெட்டிகளுக்குள் இருந்த துண்டுத்தாள்களில், தாம் அமைத்த போர்க்களக் காட்சிகளைச் செய்முறையோடு விளக்கினார். 1980-இல் காட்சியமைப்பு பற்றித் தனி நூலே எழுதினார். பொம்மைகள் வெறுமனே நிற்காமல் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், பார்வையாளருக்கு ஒரு கதை புரிய வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய பாடம். பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் வண்ணத்தில் கவனம் வைத்தார்: நீர்த்த கரும்பூச்சைப் பள்ளங்களில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை வெளிறச் செய்யும் முறை அவரால் பரவலாயிற்று.

பிறகு ரெசின் என்னும் வார்ப்புப் பிசின் வந்தது. அதை வார்க்கும் சிலிக்கோன் ரப்பர் அச்சு வளைந்துகொடுக்கும் என்பதால் எஃகில் வராத மடிப்பெல்லாம் அதில் வந்தன. தலைகளை மட்டும் வார்த்து விற்கும் சிறு நிறுவனங்கள் முளைத்தன. பெட்டியில் வந்த தலையைக் கழற்றிவிட்டு, கத்தும் முகத்தையோ களைத்த முகத்தையோ பொருத்துவது இன்று வழக்கமான முதல் வேலை. ஏழு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த முகத்தில் கண்ணைத் தீட்டி முடிக்கவே சிலர் ஒரு மாலை முழுவதையும் செலவிடுகிறார்கள்.