மடலாடற்குழுவா, வழுப்பட்டியலா? தமிழ்க் கணிமையின் ஒரு பழைய கணக்கு

பழைய க்னோம் பதிப்பு ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு கிடைத்தால் திறந்து பாருங்க. மொழிபெயர்ப்பு ஆரம்பிக்கும் முன்னாடி தலையில பத்துப் பதினஞ்சு வரி இருக்கும். யாரும் படிக்கிறதில்லை. அதுல ரெண்டு வரிதான் இன்னிக்கு நமக்கு வேணும். தவறு இருந்தா எங்கே சொல்லணும்னு ஒரு வரி, அதுல க்னோம் பக்சில்லாவின் முகவரி. மொழிக்குழு எதுன்னு ஒரு வரி, அதுல பல கோப்புகளில் 'தமிழினிக்ஸ்' என்ற யாகூ குழும முகவரி.

ரெண்டுமே இப்போ ஓய்ந்த முகவரிகள்தான். ஆனா ஓய்ந்த விதம் வேற வேற. க்னோம் திட்டம் 2018இல் கிட்லேப்புக்கு மாறியது. பழைய பக்சில்லாவில் புதுசா எதுவும் எழுத முடியாது, ஆனா பழைய வழுக்களை வாசிக்கலாம். யாகூ 2019 டிசம்பரில் குழுமங்களின் பழைய மடல்களை இணையத்திலிருந்து எடுக்க ஆரம்பித்து, 2020 டிசம்பர் 15இல் கடையையே சாத்தியது. தமிழ் லினக்ஸ் ஆர்வலர்கள் வருசக்கணக்கா பேசின பேச்சு அதோட போச்சு.

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றை எதை வைத்து நடத்தறது, மடலாடற்குழுவா வழுப்பட்டியலா என்கிற சண்டை உலகம் பூரா நடந்தது. தமிழில் அது எப்படி நடந்துச்சுன்னு கொஞ்சம் பார்ப்போம்.

முதல்ல மடலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துடணும். 1997-98இல் தமிழுக்கு எல்லோரும் ஒத்துக்கிட்ட எழுத்துக் குறியீடு கிடையாது. ஆளுக்கொரு எழுத்துரு. ஒருத்தர் அனுப்பினது இன்னொருத்தர் திரையில ஜிலேபி சுத்தும். பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட்டின் மடலாடற்குழு ஒன்றில், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் என்று பல நாட்டுக்காரர்கள் மடலிலேயே வாதாடி உருவாக்கினதுதான் திஸ்கி. (பதிவுக் கடைசியில போடுற டிஸ்கி இல்லீங்க, இது எழுத்துக் குறியீடு!) ஆங்கிலத்துக்குப் போக மிச்சம் 128 இடம். கு, கூ வரிசைக்குத் தனித்தனி இடம் கொடுக்கணும், கொம்பும் காலும் தனியா நிக்கணும், கிரந்தத்துக்கும் கொஞ்சம் வேணும். பஸ்ஸில சீட்டுப் பிடிக்கிற கதைதான். எந்த அரசாங்கமும் கூப்பிட்டு உட்கார வைக்கல. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடினப்போ அரசு பக்கம் டாம், டாப் என்று வேறு குறியீடுகள் வந்தன. திஸ்கி அதுபாட்டுக்குத் தன்னார்வலர்களிடம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. 2007இல் இணையக் குறியீட்டுப் பதிவேட்டிலும் ஏறியது. அதுக்குள்ள யூனிகோடு ஜெயிச்சிருச்சு, அது வேற கதை.

இந்தச் சண்டையை வழுப்பட்டியலில் போட்டிருக்க முடியுமா? 'எண் 37: கூ எழுத்துக்கு இடம் வேண்டும். நிலை: திறந்துள்ளது' என்று எழுதி என்ன பண்ண? பத்துப் பேர் பத்து விதமா யோசிச்சு, ஒருத்தர் இன்னொருத்தரை மறுத்து, ராத்திரி தூங்கி எழுந்து மனசு மாறி வர்ற விஷயம் அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இப்படித்தான். தட்டச்சு ஒருத்தர், மெய்ப்பு இன்னொருத்தர், முகம் பார்க்காமலே மடலில் வேலை நடந்தது. அன்னிக்கு இருந்த டயல்-அப் காசுக்கும் மடல்தான் தோது. இணைச்சு, மடலை இறக்கி, துண்டிச்சுட்டு நிதானமா படிக்கலாம், பதில் எழுதலாம்.

ஆனா மடலில் ஒரு வேலை மட்டும் நடக்காது. விட்டுப்போனதை ஞாபகம் வச்சுக்காது.

லினக்ஸ் கரு நிரலிலேயே இது சந்தி சிரிச்சிருக்கு. 1998இல் அனுப்பின ஒட்டுகள் லினஸ் டோர்வால்ட்ஸின் அஞ்சல்பெட்டியில் காணாமப் போகுதுன்னு பெரிய ரகளை. 2002 ஜனவரியில் ராப் லாண்ட்லி, ஒட்டுகளைச் சேர்த்துப் பார்த்துக்க தனியா ஒரு ஆள் வைக்கணும்னு கேட்டு இன்னொரு ரகளை. அதே வருசம் அதுக்கும் ஒரு பக்சில்லா வந்தது. வந்தும் பல பராமரிப்பாளர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல, 'மடல் போடு'ன்னுட்டாங்க.

எங்க மண்ணரைப் பக்கம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். பீஸில ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எதுவானாலும் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் விழும். ஸ்டிக்கர் பேசாது, விவாதம் பண்ணாது. சரி பண்ணினாத்தான் பீஸ் அடுத்த டேபிளுக்குப் போகும். ஏன் இந்த லாட்டில் மட்டும் இத்தனை ஓட்டை, நூலா ஊசியான்னு பேசறது மாஸ்டரும் நிட்டிங்காரரும் டீக்கடையில் வச்சுக்கற பேச்சு. அந்தப் பேச்சை ஸ்டிக்கரில் எழுத முடியாது. பேச்சை மட்டும் நம்பி ஸ்டிக்கரை விட்டா ஓட்டைப் பீஸ் கண்டெய்னர் ஏறிடும். (மடற்குழுவிலயும் 'இழை'ன்னுதான் சொல்றோம். நம்மூர்ல இழை அறுந்தா மெஷின் தானா நின்னுரும். அங்கே அறுந்தது யாருக்கும் தெரியாது!)

தமிழில் விட்டுப்போனது இந்த ஸ்டிக்கர்தான். 'கொ எழுதினா கொம்பு தப்பான இடத்துல வருது', 'இந்த மெனுவுல மொழிபெயர்ப்பு புரியல' என்று ஒருத்தர் குழுவில் தமிழில் எழுதுவார். நாலு பேர் 'ஆமாங்க, எனக்கும்' என்பார்கள். அது க்னோம், கேடீஈ, மொசில்லா நிரலாளர்களுக்குப் போய்ச் சேரணும்னா ஒருத்தர் ஆங்கிலத்தில் பக்சில்லாப் படிவம் நிரப்பணும். கணக்குத் தொடங்கணும், எந்தக் கூறு, எந்தப் பதிப்புன்னு பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லணும். அந்தச் சுமைகூலி வேலையைச் செய்தவங்க ரெண்டு மூணு பேர். அவங்களுக்குக் கல்யாணமோ வேலை மாற்றமோ வந்தா வழு குழுவிலேயே தங்கிடும். சோம்பேறித்தனம்னு நான் சொல்லமாட்டேன். படிவம் நம்ம மொழியில் இல்லை, அவ்வளவுதான்.

இதுக்கு டெபியன்காரங்க 1994லேயே ஒரு வழி வச்சிருந்தாங்க. இயன் ஜாக்சன் எழுதின வழு அமைப்பு முழுக்க மடலிலேயே ஓடும். மடல் போட்டா ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கே ஒரு மடல் முகவரி. பேச்சும் அங்கேயே, ஸ்டிக்கரும் அங்கேயே. எனக்கென்னமோ, கட்டற்ற உலகத்தில் வந்த நல்ல யோசனைகளில் இது ஒண்ணு. தமிழ்க்குழு எதுவும் இந்த மாதிரி தனக்குன்னு ஒண்ணு வச்சு ஓட்டினதா நான் பார்க்கல.

இப்போ நிலைமை மாறியிருக்கு. கணியம் அறக்கட்டளை தன் திட்ட யோசனைகளை கிட்ஹப் இஷ்யூ பட்டியலில் தமிழிலேயே எழுதி வைக்குது. எது பாக்கின்னு யாரும் பார்க்கலாம், எடுத்துச் செய்யலாம். ஆனா கிட்ஹப் 2018லிருந்து மைக்ரோசாஃப்ட் சொத்து. யாகூவும் ஒரு காலத்தில் இலவசமா, பெருசா, அசைக்க முடியாததாத்தான் இருந்துச்சு. 2016 ஜனவரியில் கூகுள் கோடு மூடினப்போ அதிலிருந்த வழுப்பட்டியல்களும் சேர்ந்துதான் மூடின. ஆக பட்டியல் வச்சாலும் நகல் நம்ம கையில் இருக்கணும்.

கரு நிரல்காரங்க 2018இல் 'லோர்' என்று மடல் காப்பகம் ஒன்றைத் தொடங்கினப்போ, ஆளுக்காள் தங்கள் சொந்தப் பெட்டியில் வச்சிருந்த பழைய மடல்களைக் கேட்டு வாங்கித்தான் இருபது வருசத்து ஓட்டைகளை அடைச்சாங்க. மடலின் நல்ல குணம் அது. அனுப்பின ஒவ்வொரு மடலும் உறுப்பினர் எல்லோர் பெட்டிக்கும் ஒரு பிரதி போயிருக்கும். யாகூ அழிச்சது தன்னிடம் இருந்த பிரதியை மட்டும்தான்.

அதனால தமிழினிக்ஸ், ழ-கணினி குழுமங்களில் இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா, பரண் மேல கிடக்கிற பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோப்புகள் இருக்கான்னு ஒருதடவை பாருங்க. எழுதினவங்க சம்மதம் கேட்டுட்டுத்தான் வெளியே போடணும், அது சரி. முதல்ல கோப்பு கிடைக்கட்டும்.